ஈபிள் டவரில் இருந்து குதித்த தையல்காரர்... அந்த 57 மீட்டரில் நடந்தது என்ன?

அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கிணற்றில் குதிப்பதைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வானம் பார்த்த பூமி. வருஷத்தில் பல மாதம் கிணற்றில் தண்ணீர் எங்கேயோ அடியில் கிடக்கும். நல்ல மழை பெய்து கிணறு ஏறிவிட்டால் பசங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பழகாத கிணறு என்றால் விவரமான பையன் உடனே குதிக்க மாட்டான். முதலில் ஒரு கல்லைத் தூக்கிப் போடுவான். சத்தம் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

30 அடி பள்ளத்தில் அந்தக் கல் விழ ஒன்றரை நொடிகூட ஆகாது. சரி, பள்ளம் 187 அடி, அதாவது ஆறு மடங்குக்கும் மேல் என்றால்? நேரமும் ஆறு மடங்கு கிடைக்கும் என்றுதான் மனசு கணக்குப் போடும். கிடைக்காது. சுமார் மூன்றரை நொடிதான். விழ விழ வேகம் கூடிக்கொண்டே போவதால், உயரம் கூடும் அளவுக்கு நேரம் கூடுவதில்லை.

இந்த ஒரு கணக்கில் சறுக்கி உயிரை விட்டவர்தான் ஃப்ரான்ஸ் ரைகெல்ட். பெயர் தெரியாவிட்டாலும் ஆளை நீங்கள் பார்த்திருக்கலாம். பெரிய மீசை, உடம்பைச் சுற்றி மூட்டை கட்டியது போல ஒரு கோட்டு, ஈபிள் டவரின் கைப்பிடிச் சுவரில் ஒரு கால். ரீல்ஸில் அடிக்கடி சுற்றும் கறுப்பு வெள்ளை வீடியோ அது. எடிட் செய்தது இல்லை, நிஜமாகவே நடந்தது. நாள்: 1912 பிப்ரவரி 4. பாலவனத்தம் ஜமீன்தாரும் மதுரை தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் மறைந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்துச் சம்பவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோவுக்குக் கீழே பெரும்பாலும் முட்டாள் என்ற ஒற்றை வார்த்தை கமெண்ட்தான் இருக்கும். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

யார் இந்த ரைகெல்ட்?

1878 அக்டோபரில், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொஹீமியா பகுதியில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது செக் குடியரசில், ஷ்டேட்டி என்ற பெயரில் இருக்கிறது. 20 வயதை ஒட்டி, 1898-ல் பாரிஸுக்கு வந்தார். தெரிந்த தொழில் தையல். கயோன் தெருவில் பெண்களுக்கு உடை தைக்கும் கடை போட்டார். பாரிஸுக்கு வந்துபோகும் ஆஸ்திரியர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். வியாபாரம் நன்றாகவே நடந்தது. 1909-ல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது, ஃப்ரான்ஸ் என்ற பெயரும் ஃப்ரான்சுவா ஆனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சொந்தக் கடை, நல்ல வருமானம், பெரிய ஊரில் ஒரு பெயர். இப்படிப்பட்ட ஆள் எதற்காக டவர் ஏறினார்?

விமானிகள் செத்துக்கொண்டிருந்த காலம்

ரைட் சகோதரர்கள் முதல்முறை பறந்தது 1903-ல். அடுத்த ஏழெட்டு வருஷத்தில் பாரிஸ்தான் விமானப் பைத்தியத்தின் தலைநகரம். மரச்சட்டமும் துணியும் கம்பியும் சேர்த்துக் கட்டிய விமானங்கள் வாராவாரம் எங்காவது விழுந்தன. விழுந்தால் விமானிக்குத் தப்பிக்க வழியே கிடையாது.

பாராசூட் அப்போது இல்லையா? இருந்தது. 1783-லேயே லெனோர்மாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் மோன்பெலியே நகரக் கோபுரத்தில் இருந்து குதித்துக் காட்டியிருக்கிறார். 1797-ல் கார்னரின் என்பவர் பாரிஸ் வானத்தில் பலூனில் இருந்தே இறங்கினார். ஆனால் லெனோர்மாண்டின் பாராசூட் மரச்சட்டம் போட்டு ஏற்கெனவே விரித்து வைத்தது. கார்னரினுடையது பலூனுக்கு அடியில் நீளமாகத் தொங்கவிட்டது. உட்கார்ந்தால் காலை நீட்டக்கூட இடம் இல்லாத விமானத்தில் இதையெல்லாம் எங்கே வைப்பது?

1910 ஜூலை வாக்கில் ரைகெல்ட் இந்த இடத்தில்தான் நுழைந்தார். உடையே பாராசூட்டாக இருந்தால் என்ன? விமானி அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். ஆபத்து என்றால் குதிப்பார், கையை விரிப்பார், உடை குடையாகிவிடும். ஒரு தையல்காரருக்குத்தான் இப்படித் தோன்றும். நியாயமான யோசனையும்கூட. இன்று மலை உச்சியில் இருந்து குதிப்பவர்கள் போடும் விங்சூட்டும் துணிச்சிறகு வைத்துத் தைத்த உடைதானே.

முதலில் அவர் தனியாக ஒரு பாராசூட் செய்து பார்த்தார். மடங்கிய பட்டுச் சிறகுகளை ஒரு பொம்மையில் கட்டித் தன் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்து முற்றத்தில் போட்டார். பொம்மை மெதுவாக இறங்கியது. நம்பிக்கை வந்ததே அங்கிருந்துதான். சிக்கலும் அங்கேயே ஆரம்பித்தது. அதே சரக்கை உடம்பில் போட்டுக்கொள்ளும் உடையாக மாற்றியதும் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழுந்தன.

10,000 பிராங்க் பரிசு

பிரான்சின் ஏரோ கிளப்பில் இருந்த நிபுணர்களிடம் தன் வடிவமைப்பைக் காட்டினார். துணிக்குடை பலவீனமாக இருக்கிறது, இதில் மேற்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1911-ல் கர்னல் லாலான்ஸ் என்பவர், விமானிகளைக் காப்பாற்றும் பாராசூட்டுக்கு 10,000 பிராங்க் பரிசு அறிவித்தார். எடை 25 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. ரைகெல்ட் கடையை ஒட்டியே தன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். எடையைக் குறைப்பது, துணியைக் கூட்டுவது, திரும்பத் தைப்பது, திரும்பப் போட்டுப் பார்ப்பது என்று நாள் ஓடியது.

கடைசியில் அவர் தைத்த உடையின் எடை சுமார் 9 கிலோ. துணியின் பரப்பு 30 சதுர மீட்டருக்கும் மேல். நெசவு நடக்கும் அருப்புக்கோட்டை ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிட்டத்தட்ட ஐந்து சேலைத் துணி. அவ்வளவையும் மடித்து ஒரே ஆளின் உடம்பில் வைத்துத் தைத்திருந்தார். பார்த்தால் கொஞ்சம் பருத்த கோட்டு போலத்தான் தெரியும். தையல் வேலை என்று பார்த்தால் அசாத்தியம்.

பொம்மை மட்டும் இல்லை, அவரே குதித்தும் பார்த்தார். ஷ்வான்வில் என்ற இடத்தில் 8, 10 மீட்டர் உயரத்தில் இருந்து குதித்தபோது உடை விரியவில்லை. கீழே வைக்கோல் போர் இருந்ததால் தப்பினார். நோஜான் என்ற இடத்தில் 8 மீட்டரில் இருந்து குதித்தபோது கால் உடைந்தது.

இங்கேதான் ரைகெல்ட் ஒரு முடிவுக்கு வந்தார். உடையில் தப்பில்லை, உயரம் போதவில்லை. விரிய நேரமே கிடைக்கவில்லை. இன்னும் உயரத்தில் இருந்து போட்டால் நிச்சயம் விரியும்.

யோசித்துப் பார்த்தால் இதில் பாதி உண்மை. 8 மீட்டர் விழ ஒன்றேகால் நொடிதான் ஆகும். அதற்குள் எந்தத் துணியும் விரியாது. ஆனால் மீதிப் பாதியை அவர் பார்க்க மறுத்துவிட்டார். எவ்வளவு உயரம் இருந்தால் போதும் என்று அவர் கையில் எந்தக் கணக்கும் இல்லை. விரிந்தால் தாங்குமா என்பதற்கும் ஆதாரம் இல்லை. உடையாகத் தைத்த பாராசூட் ஒரே ஒரு தடவைகூட உருப்படியாக விரிந்தது கிடையாது.

போலீசிடம் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று

ஈபிள் டவரில் சோதனை செய்ய அனுமதி கேட்டு பாரிஸ் போலீஸ் தலைமையகத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்தார். கடைசியில் கிடைத்தது. ஆனால் அது பொம்மையைப் போட்டுப் பார்க்க மட்டும் கொடுத்த அனுமதி என்பதைப் போலீஸ் பின்னால் தெளிவாகச் சொன்னது.

பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணிக்கு இரண்டு நண்பர்களோடு காரில் வந்து இறங்கினார். உடம்பில் ஏற்கெனவே அந்த உடை. பொம்மை எங்கே என்று தேடியவர்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. குளிர் பூஜ்ஜியத்துக்கும் கீழே. காற்றும் பலமாக வீசியது. பத்திரிகைக்காரர்கள் கூடியிருந்தார்கள். மேலே ஒரு கேமரா, கீழே ஒரு கேமரா.

நண்பர்கள் கெஞ்சினார்கள். முதலில் பொம்மையைப் போட்டுப் பார், காற்று அடங்கட்டும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். டவரின் காவலாளி ஒருவர் மேலே விடவே மறுத்து வாக்குவாதம் நடந்தது. பாராசூட் சோதனைகளில் அனுபவம் உள்ள எர்வியூ என்பவரும் அங்கே இருந்தார். இந்த உடை விரிய ஆகும் நேரம், இந்த உயரத்தில் விழ ஆகும் நேரத்தை விட அதிகம் என்பது அவர் எச்சரிக்கை. அன்று அங்கே பேசப்பட்ட எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இதுதான். ரைகெல்ட் அதற்குப் பதில் கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. நம்பிக்கை மட்டும்தான் வைத்திருந்தார்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்றார். தன் உடையின் மதிப்பு எல்லோருக்கும் தெரிய வேண்டும், தந்திரம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வரவழைத்தாகிவிட்டது. பரிசுக்கான போட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் படியிறங்கி வீட்டுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று, கேமராவுக்கு முன்னால் ஏதாவது செய்து காட்டப் போனவர்களுக்குத் தெரியும்.

மூன்றரை நொடி

முதல் தளத்தின் உயரம் 57 மீட்டர். உணவக மேசை ஒன்றை ஓரத்தில் போட்டு, அதன் மேல் ஒரு ஸ்டூலை வைத்து ஏறினார். காற்றின் திசை பார்க்க ஒரு காகிதத் துண்டைக் கிழித்துப் போட்டார். ஒரு காலைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். அப்புறம் சுமார் 40 நொடி தயங்கி நின்றார். வீடியோவில் பார்க்கச் சங்கடமான பகுதி இதுதான். முன்னால் சாய்கிறார், பின்னால் வருகிறார், மறுபடி சாய்கிறார்.

காலை 8.22-க்குக் குதித்தார்.

முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் இறங்கியிருப்பார். இரண்டாவது நொடி முடிவில் 20 மீட்டர். மூன்றாவது முடிவில் 44. துணி பாதி விரிந்தது போலத் தெரிந்தது, உடனே அவரையே சுற்றிக்கொண்டது. தரையைத் தொட்டபோது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். உறைந்த மண்ணில் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை ஒருவர் அளந்து பார்ப்பதும் படத்தில் பதிவாகியிருக்கிறது. ரைகெல்ட்டுக்கு வயது 33.

உயரம் அதிகம் என்றால் ஆபத்தும் அதிகமா?

பலர் அப்படித்தான் நினைக்கிறோம். பாராசூட் விஷயத்தில் கிட்டத்தட்ட நேர்மாறு.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ரைகெல்ட்டுக்கு 22 வருஷம் முன்பு, 1890-ல், கல்கத்தாவின் சர்க்கஸ் கலைஞர் ராம்சந்திர சாட்டர்ஜி பலூனில் ஏறி, பாராசூட்டில் பத்திரமாக இறங்கினார். இந்தியர்களில் முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயரிடம் பலூன் வித்தை கற்றவர். பலூன் போகும் உயரம் ஆயிரக்கணக்கான அடி. துணி விரிய அங்கே தாராளமாக நேரம் இருக்கும். அதற்காகத் தொழில் ஆபத்து இல்லாதது என்று அர்த்தம் இல்லை. 1892-ல் பலூன் விபத்துக் காயத்தால்தான் சாட்டர்ஜி இறந்தார். அதே வருஷம் டாக்காவில் ஜீனெட் வான் டாசல் என்ற அமெரிக்கப் பெண்ணின் பாராசூட் நன்றாகவே விரிந்தது, ஆனால் மரத்தில் சிக்கியது. கீழே இறக்கும் முயற்சியில் விழுந்து உயிரிழந்தார்.

ரைகெல்ட் குதிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 2-ல், அமெரிக்காவில் ராட்மன் லா என்பவர் சுதந்திர தேவி சிலையின் தீபத்தில் இருந்தே குதித்துத் தப்பித்துவிட்டார். இவருடையது வழக்கமான பாராசூட். ரைகெல்ட் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 1-ல் ஆல்பர்ட் பெர்ரி பறக்கும் விமானத்தில் இருந்து 1,500 அடியில் குதித்தார். அவருடைய பாராசூட் விமானத்தின் அடியில் ஒரு கூம்புக்குள் இருந்தது. ஆள் விழும் கனமே அதை உருவி வெளியே இழுத்தது. ரஷ்யாவில் கோடெல்னிகோவ் என்பவர் முதுகில் மாட்டும் பாராசூட்டை ஏற்கெனவே உருவாக்கிக்கொண்டிருந்தார். அதாவது ரைகெல்ட் தேடிய விடை அப்போதே பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் உடையில் இல்லை, பையில் இருந்தது.

இன்று குதிப்பவர்கள் என்ன போட்டுக்கொள்கிறார்கள்?

ரைகெல்ட் செய்த காரியத்துக்கு இன்று பெயர் பேஸ் ஜம்பிங். கட்டடம், ஆண்டெனா, பாலம், மலை ஆகிய நான்குக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது அந்தப் பெயர். 1978-ல் கலிபோர்னியாவின் எல் கேபிடன் பாறையில் இருந்து குதிப்பதைப் படம் பிடித்து இதைப் பிரபலமாக்கியவர் கார்ல் போனிஷ்.

விமானத்தில் இருந்து குதிக்கும் ஸ்கைடைவிங்கில் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று சதி செய்தால் இன்னொன்று. பேஸ் ஜம்பிங்கில் பொதுவாக ஒன்றுதான். ஏனென்றால் முதலாவது விரியவில்லை என்று தெரிந்து இரண்டாவதை இழுப்பதற்குள் தரை வந்துவிடும். அதனால் பாதுகாப்பு மொத்தமும் அந்த ஒன்றை எப்படி மடிக்கிறோம், எவ்வளவு சீக்கிரம் விரிய வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

பெரிய பாராசூட்டைப் பையில் இருந்து உருவி எடுக்க ஒரு குட்டி பாராசூட் உண்டு. அதைக் கையால் வீசுவார்கள். உயரம் குறையக் குறைய இந்தக் குட்டி பெரிதாக வேண்டும், 4 அடி அகலம் வரைகூடப் போகும். மெதுவாக வீசும் காற்றையும் பிடித்து இழுக்க வேண்டுமே. உயரம் இன்னும் குறைவு என்றால் அந்த வேலையைக் காற்றை நம்பியே விடுவதில்லை. பாராசூட்டின் நாடாவைப் பாலத்தில் கட்டிவிடுவார்கள், அல்லது கூட வந்தவர் கையில் பிடித்துக்கொள்வார். குதித்த உடனே அது உருவிக்கொண்டு வரும். ரைகெல்ட் நின்ற 57 மீட்டரில் இன்றைய அனுபவசாலியும் இப்படித்தான் செய்வார்.

ஹெல்மெட், முழங்கால் கவசம், முதுகுக் கவசம், கணுக்காலைப் பிடிக்கும் ஷூ எல்லாம் உண்டு. ஆனால் இவை இறங்கும்போதும் உரசும்போதும் அடியைக் குறைக்க மட்டுமே. பாராசூட் விரியாவிட்டால் எந்தக் கவசமும் உதவாது. விரிந்தும் சாவு வரும். மலையை விட்டு விலகிப் போக வேண்டிய பாராசூட், திரும்பி மலையைப் பார்த்து விரிந்தால் நேராகப் பாறையில் கொண்டுபோய் மோதும். அதைத் திருப்ப ஒன்றிரண்டு நொடிதான் கிடைக்கும். அந்த இரண்டு நொடிக்காகத்தான், குறைந்தது 200 தடவை விமானத்தில் இருந்து குதித்துப் பழகிவிட்டு வா என்று புதியவர்களுக்குச் சொல்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும்? நார்வேயின் ஷெராக் மலையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை ஆராய்ந்திருக்கிறார்கள். 9 பேர் மரணம். சுமார் 2,300 குதிப்புக்கு ஒரு உயிர். கார்ல் போனிஷே 1984 ஜூலையில், நார்வேயின் ட்ரோல் சுவர் என்ற செங்குத்து மலையில், மனைவியோடு சேர்ந்து உலக சாதனை படைத்த சில நாட்களுக்குள் அதே மலையின் இன்னொரு முனையில் இருந்து குதித்து இறந்தார். 1986-ல் அந்த மலையில் இருந்து குதிக்க நார்வே தடை போட்டது.

ஈபிள் டவரின் கதையும் ரைகெல்ட்டோடு முடியவில்லை. 2005-ல் நார்வேக்காரர் ஒருவர் அங்கிருந்து பாராசூட்டோடு குதித்தார். பாராசூட் டவரிலேயே சிக்கி, அவர் முதல் தளத்தில் விழுந்து இறந்தார். ஒரு துணி பிராண்டின் விளம்பரத்துக்காகத்தான் அவர் அன்று மேலே ஏறியிருந்தார்.